கோயில் தொண்டனுக்கு பில்லியர்ட் குச்சியோட என்ன வேலை?

தாயே துணை.

வழக்கமா திருவிழா, அன்னதானம், கூட்டுப்பணி பத்தித்தான் இங்க எழுதுவேன். இன்னிக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

என் வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டகை இருக்கு. அதுல சின்ன லேத் ஒண்ணு வச்சு, ஸ்னூக்கர், பூல் விளையாடுற கியூ செய்யறேன், உடைஞ்சத ரிப்பேர் பண்றேன். பேக்டரி ஷிப்ட் முடிஞ்சா அங்கதான் இருப்பேன். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா சமீபத்துல நம்ம பெரியவர் ஒருத்தர், "கோயில்ல தொண்டு செய்றவன் வீட்டுல சூதாட்டக் குச்சியா?"னு கேட்டுட்டார். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. டவுன்ல சில சென்டர்ல பந்தயம், சண்டை, புகைனு நடக்கிறத நாமளும் பாத்திருக்கோம். அவர் பயம் நியாயம்தான். ஆனா பதில் சொல்ல எனக்கும் கடமை இருக்கு.

முதல்ல, இந்த விளையாட்டு எங்க பொறந்துச்சுனு தெரியுமா? 1875ல இந்தியாவுல, ஜபல்பூர் ராணுவ முகாம்ல. நெவில் சேம்பர்லின்னு ஒரு இளம் அதிகாரி ஆரம்பிச்சார். பின்னால பிரிட்டிஷ் பிரதமரா வந்த சேம்பர்லின் வேற ஆள். 1880கள்ல இவர் ஊட்டிக்கு வந்த பிறகு, அங்க ஊட்டி கிளப்ல விதிகளை எழுதி மாட்டினாங்க. ஆக, ஸ்னூக்கர் விதி எழுதினது நம்ம தமிழ்நாட்டு மலையில. 2025ல சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் தோஹாவுல உலக அமெச்சூர் பெண்கள் ஸ்னூக்கர் பட்டம் ஜெயிச்சிருக்கு. இது சூதாட்டம்னா அந்தப் பிள்ளைக்கு நாம என்ன சொல்றது?

இந்தப் பக்கம் வாங்க. நெகிரி செம்பிலான் தோட்டங்கள்ல துரைமார் காலத்துல கிளப்ல பில்லியர்ட் மேசை இருந்துச்சு. நம்ம ஆளுங்க உள்ள போனது பெரும்பாலும் மேசை துடைக்க, கிளாஸ் எடுக்கத்தான். பால்மரம் வெட்டினவன் கைக்கு குச்சி வர ரொம்ப நாளாச்சு. வந்த பிறகு அதக் கெட்ட பழக்கம்னு மட்டும் ஒதுக்கி வச்சா, நஷ்டம் யாருக்கு?

இப்ப மரத்தைப் பத்தி. இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ஸ்னூக்கர் கியூவோட மேல் பகுதிக்கு ஆஷ் மரம், இல்லனா மேப்பிள். பூலுக்கு மேப்பிள்தான் அதிகம். ரேகை நேரா ஓடணும், நுனியிலிருந்து கடைசி வரைக்கும் வளையாம போகணும். கீழ்ப் பிடிக்கு எபோனி, நம்ம தமிழ்ல கருங்காலினு சொல்றது. இன்னிக்கு எல்லாரும் கழுத்துல போட கருங்காலி மாலை தேடுறாங்களே, அந்தப் பேர்தான். தண்ணியில போட்டா மூழ்குற அளவுக்குக் கனம். அந்தக் கனம்தான் பின் கையில சமநிலையைத் தருது. முழுக் கியூவும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய வரும்.

முன்ன மலிவான கியூ நிறைய ரமின் மரத்துல வந்துச்சு. அது நம்ம சரவாக், தீபகற்பத்துச் சதுப்புக் காட்டு மரம். வெட்டி வெட்டிக் குறைஞ்சதால, 2005லிருந்து சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கு. சரி, நம்ம பால்மரத்துல செய்யலாமேனு சிலர் கேப்பாங்க. நாற்காலி, மேசைக்கு அது நல்ல மரம். ஆனா சீக்கிரம் பூச்சி அரிக்கும், நீலம் பாயும், மருந்து ஏத்தாம நிக்காது. கியூவுக்கு வேண்டிய விறைப்பும் அதுல போதாது.

வேலையில அவசரம் ஆகாது. ஒரே நாள்ல கடைஞ்சு மெலிசாக்கினா மரம் கோணிக்கும். கொஞ்சம் கடையணும், தொங்க விட்டு வைக்கணும், சில வாரம் கழிச்சு மறுபடி கொஞ்சம். நம்ம ஊர் ஈரக் காத்துல மரம் தண்ணி குடிக்கும், வெயில்ல கக்கும். அதனாலதான் சொல்றேன் தம்பிங்களா: கியூவக் கார் பூட்ல போட்டு வைக்காதீங்க, சுவத்துல சாய்ச்சு வைக்காதீங்க. படுக்கையா வைங்க, இல்ல நேரா தொங்க விடுங்க. கோணிச்சா கல்லு வச்சு நிமித்தலாம்னு யூடியூப்ல சொல்வாங்க. ரெண்டு வாரத்துல பழையபடி கோணிக்கும்.

நுனித் தோல் மாத்துறது சுலபம் மாதிரி தெரியும். பழைய தோலை வெட்டி எடுத்து, பித்தளைப் பூண் முகத்தைத் தட்டையாச் சுத்தம் பண்ணி, பசை வச்சு அழுத்தி, பக்கத்தச் சீவி, மேல உருட்டி விடணும். பூண் முகம் ஒரு மயிரிழை சாஞ்சிருந்தாலும் தோல் ஒரு வாரத்துல பிச்சுக்கும்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். பதினாறு வயசு. அவங்கப்பா தோட்டத்துல லாரி ஓட்டினவர், காலமாயிட்டார். அவரோட கியூ வீட்டுச் சண்டையில நடுவுல முறிஞ்சு போச்சு. ரெண்டு துண்டையும் பிளாஸ்டிக் பையில சுத்திக் கொண்டாந்தான். "அங்கிள், ஒட்டிக் குடுங்க"ன்னான். நடுவுல முறிஞ்ச ஆஷ்ஷ ஒட்டினா நிக்கும், ஆனா பந்து அடிக்கும்போது செத்த சத்தம் வரும். அத நேரா சொன்னேன். கருங்காலிப் பிடிய அப்படியே வச்சுக்கலாம், மேல புது மரம் போடலாம்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்பா கை பிடிச்ச இடம் மாறாதுல்ல?"ன்னான். மாறாதுன்னேன். பழைய வார்னிஷ்ஷக்கூட நான் சுரண்டல.

மரம் ஆறி முடிய மாசக் கணக்காச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனே வந்து சேண்ட்பேப்பர் போட்டான். கெட்ட கூட்டம் ஒண்ணு அவனச் சுத்தி இருந்துச்சுனு எல்லாருக்கும் தெரியும். இப்ப அவன் முழுசா திருந்திட்டான், தினம் கோயிலுக்கு வர்றான்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வாரத்துல நாலு மணி நேரம் என் கொட்டகையில இருந்தான், அந்த நாலு மணி நேரம் வேற எங்கயும் இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

இன்னொண்ணு. போன திருவிழாவுக்கு முன்ன, நம்ம கைமணியோட மரப்பிடி விரிசல் விட்டுச்சே, புதுசு கடைஞ்சது அதே லேத்லதான். தவில்காரர் அண்ணனுக்குப் பூவரசுக் கோல் கடைஞ்சதும் அங்கதான். உளி சாமி வேலை, விளையாட்டு வேலைனு பிரிச்சுப் பாக்காது. சூது குச்சியில இல்ல, பந்தயம் கட்டுறவன் மனசுல இருக்கு. என்கிட்ட குச்சி வாங்குறவங்ககிட்ட ஒரே கண்டிஷன்தான்: காசு வச்சு விளையாடினது தெரிஞ்சா, அடுத்த தடவ ரிப்பேர் கிடையாது.

தோல் மாத்த 10 வெள்ளி. அது அப்படியே அன்னதான உண்டியலுக்குப் போகுது, கணக்கு எழுதி வச்சிருக்கேன். யாரும் வந்து பாக்கலாம்.

கேள்வி கேட்ட ஐயாவையும் கூப்பிடுறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாங்க ஐயா. டீ போட்டுத் தர்றேன். அந்தப் பசங்க எப்படி வேலை பாக்குறாங்கனு உக்காந்து பாத்துட்டு, அப்புறம் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

அம்மன் எல்லாரையும் காக்கட்டும். 🙏