மக்கு பிடித்து வைத்திருக்கும் பழைய நஞ்சு

''பத்து வருஷமா தொழுவுரம்தான் போடுறேன். அப்பா காலத்துல மானாவாரிக் கடலைக்குத் தூவுன பி.ஹெச்.சி. பவுடர் மண்ணைவிட்டுப் போயிருக்குமா சார்?''

பல விவசாயிகள் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் அந்தப் பவுடர் மூட்டை இல்லாத உரக்கடையைப் பார்ப்பது அரிது. 1997-ல் தடை வந்தது. ஆனால், மண்ணில் விழுந்த நஞ்சுக்குத் தடை உத்தரவு தெரியாது. ஒரு பகுதி சிதைந்திருக்கும், மீதி இருக்கலாம்.

இந்த வகை நஞ்சு தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெய்ப் பசையைத்தான் தேடிப்போகும். மண்ணில் அதற்கு வாகான இடம், தழையும் சாணமும் மக்கி உருவான கறுப்பு மக்கு. எண்ணெய்க் கறை துணியில் ஏறுவதுபோல அதில் ஏறிக்கொள்ளும். ஆண்டுகள் ஆக ஆக இன்னும் உள்ளே புகுந்துவிடும். அதனால் வேருக்கும் மண்புழுவுக்கும் கிணற்றுக்கும் போவது குறையும். அதே காரணத்தால், நுண்ணுயிர்களாலும் அதை எளிதில் சிதைக்க முடியாது. ஆக, தொழுவுரம் நஞ்சைக் கட்டிப்போடுகிறது, கழுவிவிடுவதில்லை.

அந்தக் கட்டு அவிழாமல் பார்ப்பது நம் கையில். மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.5 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். தொழுவுரம், பசுந்தாள் உரத்தை நிறுத்தாதீர்கள். வரப்பைப் பலப்படுத்துங்கள்; மேல்மண் அடித்துப்போனால் நஞ்சும் சேர்ந்தே ஏரிக்குப் போய், மீனின் கொழுப்பில் தங்கும். முள்ளங்கி, கேரட் போன்றவற்றைத் தோல் சீவிச் சமையுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் இந்த நஞ்சு தெரியாது. சந்தேகம் இருந்தால், எச்ச நஞ்சுக்கென்று தனியாகப் பரிசோதனை கேளுங்கள்.