‘ஒன்று’ என்பது எத்தனை மில்லி?

‘அவர் குடிப்பாரா?’ என்று தமிழில் கேட்டால் எவரும் மோரை நினைப்பதில்லை. செயப்படுபொருள் இன்றி நிற்கும்போது அவ்வினை மதுவையே குறிக்கும். இந்தியில் ‘வோ பீதா ஹை’ என்பதும் அவ்வாறே. பொருளின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்றாலோ அது வேறொன்றின் பெயரில் வரும். தமிழருக்கு அது தண்ணி, மலையாளிக்கு வெள்ளம், கன்னடப் பேச்சில் எண்ணெ, தெலுங்கில் மந்து, அதாவது மருந்து. இந்தியின் ‘தாரு’ பாரசீகத்தில் மருந்தைக் குறித்த சொல். ‘தவா-தாரு’ என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் வழங்குகிறது.

இத்தனை பெயர் சூட்டிய மொழிகளில், குறைத்துக் குடிப்பவரைக் குறிக்க ஒரு பெயர்ச்சொல் இல்லை. குடிகாரர் உண்டு, குடியை விட்டவர் உண்டு, தொட்டே அறியாதவர் உண்டு. இவர்களுக்கு இடையில் நிற்பவருக்கு ஒரு வினைமுற்று மட்டுமே வாய்த்திருக்கிறது: ‘குறைத்துவிட்டேன்.’ இந்தியில் ‘கம் கர் தியா’, தெலுங்கில் ‘தக்கிஞ்சானு’. எம்மொழியில் சொன்னாலும் கேட்பவர் புன்னகைக்கிறார், நம்புவதில்லை.

அரசின் மொழியிலும் இதே இடைவெளி. அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மருத்துவத் தேவைக்கு ஒழிய மதுவை விலக்க முயலுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. குஜராத் 1960 முதலும் பீகார் 2016 முதலும் மதுவிலக்கில் உள்ளன. நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு, 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயத் தடையைக் கொண்டுவந்தது. அப்போராட்டங்களின் நியாயம் பெரிது. ஆயினும் பொதுவெளியில் எஞ்சிய சொல் ‘விலக்கு’ ஒன்றே. ‘அளவு’ அங்கே இடம்பெறவில்லை.

2019இல் வெளியான தேசிய ஆய்வறிக்கையின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். அவர்களில் குடியால் பாதிக்கப்பட்டு உதவி வேண்டிநிற்போர் 5.7 கோடிக்கு மேல். எஞ்சிய 10 கோடிப் பேர் தம்மைக் குடிகாரர் என்று எண்ணுவதில்லை. பெரும்பாலும் அவர்கள் எண்ணிப்பார்ப்பதே இல்லை.

ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்த ஒரு தமிழ் மாணவர் அந்தப் பத்துக் கோடியில் தாமும் ஒருவர் என்றே நம்பியிருந்தார். வாரத்தில் நான்கு இரவுகள், ஒவ்வோர் இரவும் ‘இரண்டு’. கருத்தரங்கு முடிந்தால் ஒரு காரணம். கட்டுரை திரும்பி வந்தால் இன்னொரு காரணம். உதவித்தொகை வந்தாலும் காரணம், வராவிட்டாலும் காரணம். விடுதி அறையில் எவர்சில்வர் டம்ளரில் கண்ணளவாக ஊற்றுவதே வழக்கம்.

ஓர் இரவு, இருமல் மருந்துடன் வந்த சிறு அளவுக்குப்பியை எடுத்து, தம் வழக்கமான ‘ஒன்றை’ அவர் அளந்து பார்த்தார். 85 மில்லி இருந்தது. கணக்கு எளியது. உலக சுகாதார நிறுவனம் ஓர் அலகு மதுவை 10 கிராம் எத்தனால் எனக் கொள்கிறது. இந்தியாவில் விற்கும் விஸ்கி, ரம் போன்றவற்றில் எத்தனால் பொதுவாக 42.8 விழுக்காடு. ஆகவே 30 மில்லியே ஓர் அலகு. மதுக்கூடத்தின் ‘லார்ஜ்’ 60 மில்லி, இரண்டு அலகு. 180 மில்லி குவார்ட்டர் ஆறு அலகு. 8 விழுக்காடு கொண்ட 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒரு போத்தல் நான்கு அலகு. ‘வெறும் பீர்தானே’ என்பதில் உள்ள ‘வெறும்’ இவ்வளவு கனமானது. அவருடைய ‘இரண்டு’ 170 மில்லி. ஏறத்தாழ ஒரு குவார்ட்டர். இதுகாறும் அவர் எவரிடமும் பொய் சொல்லியிருக்கவில்லை. எண்ணுப்பெயர் சரியாகவே இருந்தது. அது எண்ணிய பொருள்தான் வரையறை அற்றிருந்தது.

அதன்பின் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாநிரலை எடுத்து நிரப்பினார். பத்துக் கேள்விகள், உச்ச மதிப்பெண் 40. எட்டும் அதற்கு மேலும் வந்தால் எச்சரிக்கை. 8 முதல் 15 வரை உள்ளோருக்குக் குறைப்பதற்கான அறிவுரை. 20ஐத் தொட்டால் மருத்துவ மதிப்பீடு தேவை. அவருக்கு 11 வந்தது.

அவர் கைக்கொண்டவை எளிய வழிகளே. வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டும், அவ்விரவின் எண்ணிக்கை, போத்தலைத் திறக்குமுன் குறிப்பேட்டில் எழுதப்படும், 30 மில்லி அளவி இன்றி ஊற்றுவதில்லை, வெறும் வயிற்றில் இல்லை, தனியே இல்லை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு டம்ளர் தண்ணீர், சொல்லின் நேர்ப்பொருளில். கடினமாக இருந்தது மாலை ஏழு முதல் ஒன்பது வரையிலான வெற்று நேரம். அந்நேரத்தில் அவர் ஓர் இரானி தேநீர்க்கடை வரை நடக்கத் தொடங்கினார். ஒரு கட்டுரை நிராகரிக்கப்பட்ட நாளில் ‘திட்டம் 2, நடந்தது 7’ என்று குறிப்பேட்டில் ஒரு வரி விழுந்தது. அடுத்த வரி மீண்டும் 2இல் தொடங்கியது. மது விரைவில் உறங்கச் செய்து, இரவின் பிற்பாதியில் உறக்கத்தைக் கலைத்துவிடும். அது குறைந்தபின் காலை ஆறு மணி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்தக் காலைகளில் எழுதப்பட்டது.

குறிப்பேட்டை முதலில் கேலி செய்தவர் பக்கத்து அறை நண்பர். பின்னர் ஒருநாள் கதவை மூடிவிட்டு அந்த வினாநிரலைத் தாமும் கேட்டு வாங்கினார். அவருக்கு வந்தது 26. காலையில் அவர் கை நடுங்குவதையும், ஒரு வாய் உள்ளே போனபின் நடுக்கம் நிற்பதையும் விடுதியில் பலர் கண்டிருந்தனர், நகைச்சுவையாகவே பேசினர். நாளும் மிகுதியாக அருந்திப் பழகிய உடலுக்குத் திடீரென நிறுத்துவது ஆபத்து: வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும் பொய்த்தோற்றங்களும் தோன்றி உயிருக்கே கேடாகலாம். அவருக்குக் குறிப்பேடு போதாது, வைராக்கியமும் போதாது. ‘இன்றோடு விட்டேன்’ என்று அவர் சபதம் செய்யவிருந்த இரவில் அம்மாணவர் செய்த நற்செயல், சபதத்தைத் தடுத்து, மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றதே. அங்கே சில நாட்கள் உள்நோயாளியாக வைத்து, மருந்தின் துணையோடு நிறுத்தச் செய்தனர். அந்த மருந்து, ‘மந்து’ என்னும் சொல்லின் முதற்பொருளில்.

ஒரே சுவரின் இருபுறம் இருந்த இருவரையும் ‘குடிப்பவர்’ என்ற ஒரே சொல் குறித்தது. ஒருவருக்கு வேண்டியது அளவி, மற்றவருக்கு மருத்துவர். அச்சொல்லால் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலவில்லை. பத்துக் கேள்விகளால் இயன்றது.

குறைப்பது பாதுகாப்பான இடத்துக்கு வந்துசேர்வதும் அன்று. மது புற்றுநோய்க் காரணி என 1988லேயே வகைப்படுத்தப்பட்டது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆயினும் வாரத்துக்கு 23 அலகிலிருந்து நான்குக்கு இறங்குவது ஓர் உடலுக்குப் பெரிய இறக்கம். முழு விலக்கை மட்டுமே அறமென மதிக்கும் சமூகம் அந்த இறக்கத்தைக் காண மறுக்கிறது. காணாததால் ஊக்குவிப்பதும் இல்லை.

வாய்மொழித் தேர்வு முடிந்து விருந்து வைப்போர் செய்யக்கூடியவை இரண்டு. மதுவற்ற பானத்தையும் அதே மேசையில் வைப்பது ஒன்று. அதை எடுப்பவரிடம் ‘ஏன்?’ என்று கேளாதிருப்பது மற்றொன்று. ‘குறைத்துவிட்டேன்’ என்பவரைப் பார்த்துச் சிரிக்காமல், ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு?’ என்று கேட்டால் போதும். விடை தெரிந்தவர் சொல்வார். தெரியாதவர் அன்றிரவு அளந்து பார்ப்பார். காலையில் கை நடுங்குபவராயின் தாமாக நிறுத்த முயலாமல் மருத்துவரை நாட வேண்டும்; டெலி-மானஸ் உதவி எண் 14416, கட்டணமின்றி, இந்திய மொழிகள் பலவற்றில் கிடைக்கிறது.