ஓர் ஆசிரியர் நாற்காலியும் ஓர் எஞ்சினின் பல பெயர்களும்

அமெரிக்காவில் 1940 முதல் வெளிவரும் ‘ட்ரெயின்ஸ்’ மாத இதழின் ஆசிரியர் ஜிம் ரின், 2022 மார்ச் இறுதியில் புற்றுநோயால் காலமானார். 2004 முதல் அப்பொறுப்பில் இருந்தவர். 1953க்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 70 ஆண்டுகளில் அவ்விதழின் ஆசிரியர்கள் ஐவர் மட்டுமே. முதலாமவரான டேவிட் பி. மார்கன் 1987 வரை நீடித்தார். முதன்மைத் தடங்களிலிருந்து நீராவி எஞ்சின்கள் மறைந்ததும், பயணியர் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றதும், 1971இல் ஆம்ட்ராக் பிறந்ததும் அவர் காலத்தில்தான். பயணியர் ரயிலைச் சுட்டது யார் என்று கேட்கும் அவரது நீண்ட ஆய்வு 1959 ஏப்ரல் இதழில் வந்தது.

இத்தகைய இதழ்களில் ஒருவர் விலகியதும் எழுதப்படும் பணி அறிவிப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதழியல் பட்டம், சில ஆண்டு அனுபவம், மென்பொருள் பழக்கம், கெடு தவறாமை ஆகியவை முதலில் வரும். துறையறிவு ‘இருந்தால் நலம்’ என்று கடைசி வரியில் நிற்கும். மொழியியல் படித்த எனக்கோ அந்தக் கடைசி வரிதான் வேலையாகவே தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. முன்னால் நான்கு, நடுவில் எட்டு இயக்குசக்கரங்கள், பின்னால் நான்கு என்று அமைந்த எஞ்சினை 4-8-4 என்று குறிப்பர். நார்தர்ன் பசிபிக் நிறுவனம் முதலில் வாங்கியதால் அதற்கு ‘நார்தர்ன்’ என்ற பெயர் பரவியது. ஆனால் நியூயார்க் சென்ட்ரலில் அதுவே ‘நயாகரா’. செசபீக் அண்ட் ஒகையோவில் ‘கிரீன்பிரையர்’. வடக்கைக் குறிக்கும் பெயரை ஏற்க மனமில்லாத தென்னக நிறுவனமொன்று ‘டிக்சி’ என்றது. சீர்மை விரும்பும் செம்மையாளர் இவை அனைத்தையும் ‘நார்தர்ன்’ ஆக்கினால் பக்கம் ஒழுங்காகும், வரலாறு பிழையாகும். நிறுவனப் பெயர்களிலும் இதே கண்ணி உண்டு. அமெரிக்க வழக்கு ‘ரெயில்ரோடு’. யூனியன் பசிபிக் அப்படியே எழுதுகிறது. பி.என்.எஸ்.எஃப் அமெரிக்க நிறுவனமே எனினும் தன்னை ‘ரெயில்வே’ என்கிறது. இங்கே பொது விதி உதவாது. தனித்தனியே தெரிந்திருக்க வேண்டும்.

கடல் கடந்தால் சிக்கல் பெருகும். நம் ‘ஸ்லீப்பர்’ அங்கே ‘டை’. நம் ‘பாயிண்ட்ஸ்’ அங்கே ‘ஸ்விட்ச்’. அங்கே ‘எஞ்சினியர்’ என்றால் ரயிலை ஓட்டுபவர். விபத்துச் செய்தியைத் தமிழாக்குபவர் அவரை எளிதில் பொறியாளராக்கிவிடலாம். (நம் ஓட்டுநர் ‘லோகோ பைலட்’ ஆனதும், 2022இல் கார்டு ‘டிரெயின் மேனேஜர்’ ஆனதும் தனிக்கதை.)

இவ்வறிவு கையேட்டில் ஓரளவுதான் தங்கும். மீதி ஆளோடு இருக்கும், ஆளோடு போகும். ரின் சார்லட் நகர நாளிதழிலிருந்து வந்தவர். வட கரோலினாவின் ஸ்பென்சர் ஊரிலுள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் தன்னார்வலராக உழைத்தவரும்கூட. முன்னதைத் தன்விவரக் குறிப்பில் கேட்கலாம். பின்னதை எந்தப் படிவத்தில் கேட்பது? ரின்னுக்குப் பின் கார்ல் சுவான்சன் ஆசிரியரானார். 2024இல் இதழே கைமாறி, விஸ்கான்சினின் கால்ம்பாக் நிறுவனத்திடமிருந்து டென்னசியின் ஃபயர்கிரவுனுக்குச் சென்றது. உரிமை மாறும்போது பழைய இதழ்களின் சேமிப்பைப் பெட்டியில் கட்டி அனுப்பலாம். ‘டிக்சி’யைத் திருத்தாமல் விடும் கையை அப்படி அனுப்ப முடியாது.

இதை நம்மவரிடம் சொல்லக் காரணம் உண்டு. மொழியியல் முதுகலை முடித்தவர் முன் ‘நெட்’ தேர்வு, உதவிப் பேராசிரியர் பணி என்ற ஒற்றைத் தடத்தை மட்டுமே காட்டுகிறோம். அதிலும் காலியிடம் அரிது. எந்தப் பெயர்வேறுபாடு பிழை, எது வழக்கு என்று பிரித்தறியக் கற்றவர்களை இதழ் அலுவலகங்கள் தேடுவதில்லை. நாமும் அவ்வாசலைத் தட்டுவதில்லை. எங்கள் துறையில் கலைச்சொல்லியல் ஒரு தாளாக இருக்கிறது. வரையறைகளை மனனம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். உண்மையான பிரதி ஒன்றைத் திருத்தும் பயிற்சி அதில் இல்லை. அடுத்த பருவத்தில் ஏதேனும் ஒரு தொழில்துறை இதழின் நான்கு பக்கங்களை மாணவர்களிடம் திருத்தக் கொடுக்கலாமா என்று நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். பாடத்திட்டக் குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.