கேக்கில் எழுதிய பெயர்

தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் எதற்கு என்று கேட்பவர்கள் உளர். துரைமாரின் பங்களாவைப் பார்த்துப் பழகிய ஆடம்பரம் என்பது ஒரு சாரார் கட்சி. கடன்பட்டுக் கொண்டாடும் அறியாமை என்பது மற்றொரு சாரார் கட்சி. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில், லயத்தை ஒட்டிய சிறு குசினியில் கேக் சுட்டு விற்று வாழும் எம்மிடம் இதற்கொரு விடை உண்டு.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுவோம். மா, சீனி, மாஜரீன் மூன்றும் கால் கிலோ வீதம், முட்டை ஐந்து. இவ்வளவில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கேக் கிடைக்கும். சுடுவது எளிது, அலங்கரிப்பதே சிரமம். இரத்தினபுரி மழைக்குப் பெயர்போன ஊர். காற்றில் நிற்கும் ஈரத்தில் சீனிப் பொம்மை கசியும்; சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கும். ஆகவே சோளமா தூவி, உருவங்களைக் கடைசி நேரத்திலேயே பதிப்போம். தோட்டத்துப் பாதையில் முச்சக்கர வண்டியின் குலுக்கலுக்கு அஞ்சி உயரமான கேக்குகளைச் செய்வதில்லை. யானை, பேருந்து, கைப்பேசியிற் கண்ட மோட்டார்க்கார் எனப் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் தட்டையாகவே ஆக்கித் தருகிறோம்.

எனினும், எமக்கு அச்சந்தரும் வேலை பெயர் எழுதுவதே. கடதாசிக் கூம்பில் ஐசிங்கை நிரப்பி எழுதுகையில், மெய்யெழுத்தின் புள்ளி கரைந்தாலும் பெயர் மாறிவிடும். பெற்றோர் அதனைப் பொறுப்பதில்லை. ஏன் பொறுக்க வேண்டும்? பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், பாடசாலை இடாப்பில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட தமது பெயரைத் திருத்துவதற்காக நாட்சம்பளத்தை இழந்து கச்சேரிக்கு அலைந்தவர்கள் அல்லவா அவர்கள்!

பெயரைப் போன்றதே பிறந்த தேதியும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இந்நாட்டில் பிறந்தவன் வம்சாவழியாகக் குடிமகனாவதற்கு, அவன் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டுமென்றது. தாளில் சான்று இல்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974இல் முடிவாயிற்று. அதன் பின்னும் நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமை வழங்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அண்மையில் ஒரு சிறுவன் புகைவண்டிக் கேக் கேட்டான். அவன் புகைவண்டியைக் கண்டதில்லை. இரத்தினபுரிக்கு ஒருகாலத்தில் ஓடிய களனிவெளி வண்டி இன்று அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. வயது ஆறு, ஆறு பெட்டிகள் செய்தோம். வாங்க வந்த அவனுடைய அப்பாயி அதனை நெடுநேரம் நோக்கினார். "எங்க அக்கா இப்படித்தான் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போச்சு; அப்புறம் நான் பார்க்கவே இல்ல" என்றார். உங்கள் பிறந்தநாள் எப்போது என்று கேட்டோம். "எனக்கேதும்மா பொறந்தநாள்? வெள்ளம் வந்த வருசமுன்னு ஆத்தா சொல்லும். கார்டுல இருக்கிறது ஆபீசு ஐயா போட்டது."

கடனைப் பற்றிய குற்றச்சாட்டை நாம் மறுக்கவில்லை. நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. 2022இன் நெருக்கடியில் மாவும் முட்டையும் எரிவாயுவும் அதனை விழுங்கின. அப்போது எமது வியாபாரம் ஏறக்குறைய நின்றது. வந்த சிலரும் உள்ளங்கையளவு கேக்கே போதும் என்றனர்; அலங்காரம் வேண்டாம் என்றனர். பெயர் வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

பிள்ளைக்குப் பாலும் படிப்புமே முதற் தேவை, கேக் அன்று. ஆனால், இன்ன நாளில் இன்ன பெயருடன் ஒரு மனிதப் பிறவி இம்மண்ணில் தோன்றியது என்பதைத் தாய் ஒருத்தி எழுதிப் பார்க்க விரும்புவது ஆடம்பரமாகாது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு 1987இல் ஏற்றுக்கொண்டது. அந்த மொழியறிந்த அலுவலர் சப்ரகமுவவின் பதிவகங்கள் ஒவ்வொன்றிலும் அமர வேண்டும். நாம் சீனியில் எழுதுவது ஒரு மாலைப்பொழுதுக்கே. பதிவேட்டில் எழுதுவது ஓர் ஆயுளுக்கு. அது பிழையின்றி எழுதப்படட்டும்.