தலை எது, வால் எது?

நெய்வேலிக்காரர்களுக்கு கன்வேயர் பெல்ட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரம் சுழன்று வெட்டும். வெட்டியது பெல்ட்டில் விழும். பெல்ட் அதைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துபோய்க் கொட்டும். ஒரு வாளியே 1,400 லிட்டர் கொள்ளும் எந்திரங்கள் இங்கே உண்டு. இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் ஒரு வசதியை யாரும் கவனிப்பதில்லை. பழுப்பு நிலக்கரிக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. எப்படி விழுந்தாலும் எரியும்!

ஆனால் ஒரு சின்ன போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்று தெரியாமல் எந்த எந்திரத்தாலும் அதை மாட்ட முடியாது. ரோபோக்களை இத்தனை வருடம் தடுமாற வைத்த விஷயம் இதுதான்.

என் பெரியப்பா மகன் டிப்ளமா முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். தொட்டியில் கலைந்து கிடக்கும் பிராக்கெட்டை எடுக்க வேண்டும், துளை இருக்கும் பக்கம் மேலே வருகிற மாதிரி ஜிக்கில் வைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். மீதியை வேலிக்குள் நிற்கும் ரோபோ வெல்டிங் செய்துவிடும். "பெரிய வேலையெல்லாம் அது பாத்துக்குதுடா, எடுத்துக் குடுக்கிறதுக்குத்தான் நான்" என்பார். ஆலைக் கணக்கில் அவர் 'அன்ஸ்கில்டு'. அதாவது திறமை தேவைப்படாத வேலையாம். இது சரியா என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பழைய கதை. யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ 1961-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. சூடான வார்ப்புகளைத் தூக்கி வைக்கும் வேலை. கைக்கு நல்ல பலம், ஆனால் கண் கிடையாது. பொருள் எப்போதும் அதே இடத்தில், அதே நிலையில் இருந்தாக வேண்டும். கண் இல்லாத குறையைத் தீர்க்க, அதிரும் கிண்ணங்களைப் பயன்படுத்தினார்கள். கிண்ணத்தில் போட்ட திருகாணிகள் அதிர்ந்து அதிர்ந்து ஓரப் பாதையில் ஏறும். தப்பாகத் திரும்பியவை தடுப்பில் இடித்துத் திரும்பவும் கீழே விழும். சரியாக இருப்பவை மட்டும் வெளியே வரும். அருமையான யோசனைதான். ஆனால் பாகம் மாறினால் கிண்ணத்தையும் மாற்ற வேண்டும்.

1970-களின் கடைசியில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுக்கூடத்தில் ஹாலண்ட், ரோசல், வார்டு என்ற மூவர் 'கன்சைட்' என்ற முறையைச் செய்தார்கள். பெல்ட்டின் குறுக்கே மெல்லிய ஒளிக்கோடு ஒன்றைச் சாய்வாக விழ வைப்பார்கள். மேலே கேமரா. பாகம் வந்து ஒளியை மறித்ததும், அந்த இடத்தில் மட்டும் கோடு விலகித் தெரியும். கோடு கோடாகச் சேர்த்தால் பாகத்தின் உருவம் கிடைத்துவிடும். பெல்ட் அழுக்காக இருந்தாலும் கவலையில்லை. (நம்ம ஊர் பெல்ட்டுக்கும் ஒத்துவரும்!)

உருவம் கிடைத்த பிறகு நடப்பது பள்ளிக்கூடக் கணக்குதான். உருவத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் சராசரி எடுத்தால் மையம் வரும். புள்ளிகள் எந்தத் திசையில் அதிகம் பரவியிருக்கின்றன என்று பார்த்தால் நீளவாக்கு தெரியும். ஆனால் 180 டிகிரி திருப்பினாலும் அதே நீளவாக்குதானே? அதனால் எந்த முனை தடிமன் என்றும் பார்க்க வேண்டும். போல்ட்டின் தலை அப்படித்தான் பிடிபடும். பிறகு கேமராவின் புள்ளிக் கணக்கை ரோபோவின் மில்லிமீட்டர் கணக்காக மாற்றினால் கை சரியான இடத்துக்குப் போகும்.

பாகங்கள் தனித்தனியாகக் கிடக்கும்வரை இது போதும். அண்ணனின் தொட்டியில் அப்படியா கிடக்கும்? ஒன்றன்மேல் ஒன்று. பாதி தெரியும், பாதி மறைந்திருக்கும். எண்ணெய் பூசிய இரும்பு கண்ணாடி மாதிரி மின்னும். மல்லாந்து கிடக்கிறதா, குப்புறக் கிடக்கிறதா என்பதை வெறும் நிழலுருவத்தை வைத்து எப்போதும் சொல்ல முடியாது. உயரமும் அளக்க வேண்டும். இந்தத் தொட்டிச் சிக்கலோடு ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். 2017-ல் ஜப்பானின் நகோயாவில் அமேசான் நடத்திய ரோபோப் போட்டியில் ஐ.ஐ.டி. கான்பூரும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து ஓர் அணியாக இறங்கின. பெங்களூருவில் 2019-ல் தொடங்கிய 'சின்லர்' நிறுவனமும், எப்படிக் கிடந்தாலும் பொருளைக் கண்டு எடுக்கும் ரோபோவைத்தான் செய்துவருகிறது.

யோசித்துப் பாருங்கள். வெல்டிங்கை ரோபோ எப்போதோ கற்றுக்கொண்டது. 'எடுத்துக் குடுக்கிற' வேலைக்குத்தான் இன்னும் இவ்வளவு பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதைச் சில நொடிக்கு ஒருதரம், நாள் முழுக்கத் தப்பில்லாமல் செய்கிறவரை 'அன்ஸ்கில்டு' என்கிறோம்!

இனி கேமரா வந்தால் அவர்கள் வேலை போகுமா? வெறுமனே எடுத்து வைக்கும் வேலை குறையத்தான் செய்யும், மறைப்பதில் பயனில்லை. ஆனால் விளக்கை எந்தக் கோணத்தில் வைத்தால் எண்ணெய் மினுக்கம் ஏமாற்றாது, எந்தப் பாகம் எதோடு கொக்கி போட்டுக்கொள்ளும் என்பதெல்லாம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். பாகம் மாறும்போதெல்லாம் ரோபோவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளாக அவர்களையே பழக்கினால் என்ன? வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டியதில்லை.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்பிக்கப் பெரிய செலவு ஆகாது. ஒரு வெப்கேம், ஒரு வெள்ளைத்தாள், மேஜை விளக்கு, பத்து போல்ட். ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. தாளில் போல்ட்டுகளைக் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் தலை எந்தப் பக்கம் என்று கணினியைச் சொல்ல வையுங்கள். அது முடிந்ததும் இரண்டு போல்ட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உண்மையான பாடம் அங்கேதான் ஆரம்பம் :-)