ஒரு விசை கற்பித்த பாடம்

கணினிக் கூடத்திலிருந்த மவுஸ்களை எல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, “இனி விசைப்பலகையே உங்களுக்குத் துணை” என்றார்கள் சிஸ்டர். அன்று நாங்கள் கற்கத் தொடங்கியதுதான் ‘விம்’. 1976-இல் பில் ஜாய் உருவாக்கிய ‘வீஐ’யின் வழிவந்தது, 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்டது. விலை கிடையாது, விரும்பினால் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதே அவரது வேண்டுகோள்!

முதல் நாள் எங்களுக்கு எழுதவும் தெரியவில்லை, வெளியேறவும் தெரியவில்லை. ‘ஐ’ போன்ற ஒரு விசையைத் தட்டினால்தான் எழுதலாம். ‘எஸ்கேப்’ தட்டினாலோ எழுத்துகளே கட்டளைகளாகிவிடும்: ‘ஜே’ கீழே இறக்கும், ‘கே’ மேலே ஏற்றும், ‘டிடி’ ஒரு வரியையே அழிக்கும்.

போட்டிக்கு முந்தின நாள், தோழி ஒருத்தி வெளியே சென்றிருந்தபோது, விளையாட்டாக ‘டிடி’ தட்டித் தட்டி அவள் நிரலையே அழித்துவிட்டோம். திரும்பி வந்தவள் தேம்பி அழுதாள். நாங்களோ பயத்தில் வாய் திறக்கவில்லை. அரைமணி கழித்தே உண்மையைச் சொன்னோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ‘யூ’ விசையைத் தட்டினார்கள். தட்டத் தட்ட, அழிந்த வரிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின.

அவளும் சிரித்தாள். ஆனால், அவளை அழவிட்டு நாங்கள் மௌனமாயிருந்த அந்த அரைமணியைத் திருப்பித் தர எந்த விசையும் இல்லையே!