தொட்டுச் சொல்லித்தரும் கைகள்

லண்டன்

அன்புள்ள அண்ணா,

மகள் வயலின் படிக்க இங்கே வருகிறாள், தோள்வலி விடவில்லை, அலெக்சாண்டர் முறைக்கு நல்ல ஆசிரியராகப் பார்த்து வை என்று கேட்டிருந்தீர்கள். பெயர்கள் விசாரித்துத் தருகிறேன். ஆனால் இரண்டு மூன்று பேரிடம் ஆளுக்கொரு பாடம் எடுத்துப் பார்த்து, அவளே முடிவு செய்யட்டும்.

டாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் மேடையில் கவிதையும் நாடகமும் சொல்பவர். அடிக்கடி குரல் கட்டிப்போனது. கண்ணாடி முன் நின்று கவனித்தபோது, பேசத் தொடங்கும்போதே தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குகிறார் என்று தெரிந்தது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தக் கண்டுபிடித்த வழியோடு 1904-இல் லண்டன் வந்தார். அந்த வழிதான் அலெக்சாண்டர் முறை. இன்று ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கிலும் அது கற்பிக்கப்படுகிறது.

பாடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவோம். தலைக்கடியில் புத்தகம் வைத்து, முழங்காலை மடக்கி மல்லாந்து படுப்போம். ஆசிரியர் கழுத்திலும் முதுகிலும் லேசாகக் கை வைத்து வழிகாட்டுவார். அந்தக் கை எப்படிப்பட்டது என்பதைத் தொடப்படுகிறவளால்தான் சொல்ல முடியும். அதனால்தான் அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறேன்.

பிரிட்டனில் அலெக்சாண்டர் ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், சட்டம் தடுக்காது. 1958-இல் தொடங்கிய ஆசிரியர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் வழக்கமான பயிற்சி மூன்று வருடம், 1600 மணி நேரம். அப்படிப் படித்தவரா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு அறைக்குள் கவனிக்க வேண்டியவை: தொடுமுன் கேட்கிறாரா? கை தள்ளுகிறதா, காத்திருக்கிறதா? வயலினைக் கொண்டுவரச் சொல்கிறாரா? வில்லை எடுக்கும் அந்த நொடியில் அவள் தோளை என்ன செய்கிறாள் என்பதை அவளுக்கே காட்டித்தருகிறவர்தான் ஆசிரியர். "நிமிர்ந்து நில்" என்று மட்டும் சொல்கிறவர் வேண்டாம். நிமிர்வதற்காக உடம்பை இன்னும் விறைத்துக்கொள்வாள். வலியைத் தீர்த்துவிடுவேன் என்று உறுதி தருகிறவர் வேண்டவே வேண்டாம். கை மரத்துப்போனால் முதலில் டாக்டர்தான்.

எத்தனை பாடம் என்றும் கேட்கச் சொல்லுங்கள். நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை வைத்து இங்கே நடந்த பெரிய ஆய்வு 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 24 பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்து, நான்கு வாரத்தில் வலி இருந்த நாட்கள் பொதுவாக 3. வழக்கமான மருத்துவத்தோடு நின்றவர்களுக்கு 21. ஆறு பாடமும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோதும் நல்ல பலன் இருந்தது. அது முதுகுக்கான கணக்கு, தோளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு வருடப் பணத்தை முதல் நாளே கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
தம்பி